பெயர் மட்டும் மிஞ்சிய த்ரில்லர்கள்

ஸ்வீடன் இயக்குநர் டோமாஸ் ஆல்ஃப்ரெட்சன் 2017இல் நார்வேயின் அரசு ஒலிபரப்பு நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார். அப்போதுதான் வெளியாகியிருந்த அவருடைய ‘தி ஸ்னோமேன்’ படத்தின் திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் படமாக்கப்படவே இல்லையாம். தயாரிப்புக்குத் திடீரென்று பச்சைக்கொடி காட்டப்பட்டது, முன்தயாரிப்புக்கு நேரமே கிடைக்கவில்லை, படத்தொகுப்புக்கு உட்கார்ந்த பிறகுதான் கதையின் முக்கியமான பகுதிகள் கையில் இல்லை என்பது தெரிந்தது என்றார்.

இதைச் சொன்னவர் கற்றுக்குட்டி இல்லை. 2008இல் ‘லெட் தி ரைட் ஒன் இன்’ படத்தில், ஸ்டாக்ஹோம் புறநகர் ஒன்றின் பனியையும் இரண்டு குழந்தைகளின் தனிமையையும் வைத்தே ரத்தக்காட்டேரிக் கதைக்குப் புது உயிர் கொடுத்தவர். 2011இல் ஜான் லெ காரேயின் பெரிய நாவலான ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’யை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படமாகச் சுருக்கி, கேரி ஓல்ட்மனுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையையும் பெற்றுத்தந்தவர். அந்த நாவல் 1979இல் பிபிசியில் ஏழு பகுதித் தொடராக வந்தது. அவ்வளவு அகலமான கதையைச் சுருக்கியும் ஒரு முடிச்சைக்கூட அவிழவிடாத கை, யோ நெஸ்போவின் விறுவிறுப்பான துப்பறியும் நாவலில் எப்படித் தடுமாறியது? மைக்கேல் ஃபாஸ்பெண்டர், ரெபெக்கா ஃபெர்குசன், ஷார்லட் கேன்ஸ்பூர், ஜே. கே. சிம்மன்ஸ், வால் கில்மர் என்று நடிகர் பட்டாளமே இருந்தது. தயாரிப்பாளர்கள் வரிசையில் மார்ட்டின் ஸ்கார்செஸியின் பெயர் இருந்தது. அவருடைய படங்களின் நீண்டகாலப் படத்தொகுப்பாளர் தெல்மா ஸ்கூன்மேக்கர் கிளேர் சிம்ப்சனோடு சேர்ந்து இதைத் தொகுத்தார். இத்தனை பேர் இருந்தும் பார்வையாளர்கள் குழம்பி வெளியே வந்தார்கள்.

ஒரு காலத்தில் கொண்டாடப்பட்ட இயக்குநரின் ஏமாற்றமான த்ரில்லரைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் தயாராக இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. வயதாகிவிட்டது என்பது ஒன்று, சரக்கு தீர்ந்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனமான விளக்கங்கள் என்பது என் முடிவு. ஆல்ஃப்ரெட்சனுக்கு அப்போது வயது ஐம்பதைத்தான் தாண்டியிருந்தது. தன் கடைசிப் படமான ‘பிஃபோர் தி டெவில் நோஸ் யூ ஆர் டெட்’ 2007இல் வெளியானபோது சிட்னி லூமெட்டுக்கு வயது 83. பெற்றோரின் நகைக்கடையைக் கொள்ளையடிக்கத் திட்டமிடும் இரண்டு சகோதரர்களின் கதை அது. காலத்தை முன்னும் பின்னும் வெட்டி வெட்டிச் சொல்லும் அந்தப் படம் எங்கும் தளரவில்லை. வயதுக்கும் த்ரில்லருக்கும் பகை இல்லை.

அப்படியானால் எது கெட்டுப்போகிறது? அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த வகைப் படம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடன் 1962இல் நடத்திய நீண்ட உரையாடலில் ஹிட்ச்காக் சொன்ன குண்டு உதாரணம் பலருக்கும் தெரியும். மேசைக்கடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அவர்கள் பேசும் வெட்டிப்பேச்சு முழுவதுமே பதைபதைப்பாகிவிடும். யாருக்கு எது தெரியும், எப்போது தெரியவரும் என்பதுதான் த்ரில்லரின் கணக்கு. குடும்பக் கதையில் ஒரு காட்சி குறைந்தால் ஓர் உணர்ச்சி மங்கும், அவ்வளவுதான். த்ரில்லரில் ஒரு தகவல் விடுபட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாக் காட்சிகளும் நொண்டும்.

‘தி ஸ்னோமே’னில் நடந்தது அதுவேதான். வால் கில்மர் நடித்த பெர்கன் நகர போலீஸ்காரரின் பழைய கதை படத்தில் துண்டுதுண்டாக வந்துபோகிறது. முக்கியக் கதையோடு அது சேரும்போது, சேர வேண்டிய நரம்பு அங்கே இல்லை. சிம்மன்ஸ் நடிக்கும் பணக்காரரின் கிளைக்கதை ஒரு பெரிய திருப்பத்துக்கான ஆயத்தத்தோடு தொடங்கி எங்கோ ஆவியாகிறது. தடயங்கள் வைக்கப்படுகின்றன, எடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு சட்டகத்திலும் நார்வேயின் பனி அத்தனை அழகாக இருக்கிறது. அழகு இருக்க இருக்க எரிச்சல்தான் கூடுகிறது, ஏனென்றால் அந்தப் பனிக்கும் கொலைகாரனுக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்க வேண்டிய காட்சிகள் எடுக்கப்படாமலே போய்விட்டன.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆல்ஃப்ரெட்சனின் முந்தைய இரண்டு வெற்றிகளுக்கும் ஒளிப்பதிவு ஹொய்டே வான் ஹொய்டெமா, படத்தொகுப்பு டீனோ யோன்சாட்டர். ‘தி ஸ்னோமே’னில் இருவருமே இல்லை. ‘டிங்கர் டெய்ல’ரின் திரைக்கதை எழுத்தாளர்களில் ஒருவரான பீட்டர் ஸ்ட்ராகன் இதிலும் இருந்தார், ஆனால் மூன்று எழுத்தாளர்களில் ஒருவராக. புதிதாக வந்தவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஸ்கூன்மேக்கரைவிடச் சிறந்த படத்தொகுப்பாளர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஆனால் எடுக்காத காட்சியை எந்தக் கத்தரிக்கோலாலும் தொகுக்க முடியாது. எடுப்பதற்கு முன்பே இந்தக் காட்சி இல்லாமல் படம் நிற்காது என்று சொல்லக்கூடிய பழகிய ஆட்களும், அதைக் கேட்பதற்கான நேரமும் அந்தப் படத்துக்கு வாய்க்கவில்லை.

தமிழ்த் திரையுலகில் டிஸ்கஷன் என்று சொல்வார்கள். கதை விவாதம். இயக்குநர், எழுத்தாளர், உதவி இயக்குநர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து கதையை ஓட்டை ஓட்டையாகத் தட்டிப் பார்ப்பது. த்ரில்லர் பிழைப்பதும் சாவதும் அந்த அறையில்தான். புகழ்பெற்ற இயக்குநர்களின் ஏமாற்றமான த்ரில்லர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அந்த அறைதான் முதலில் சிதைந்திருக்கிறது. ஆட்கள் இறந்துபோனார்கள், அல்லது விரட்டப்பட்டார்கள், அல்லது பணமும் நேரமும் இல்லாமல் கூடவே முடியவில்லை. சுவரொட்டியில் இயக்குநரின் பெயர் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

இதற்கு ஹிட்ச்காக்கின் அறுபதுகளைவிடத் தெளிவான சான்று கிடையாது. அதனால் அங்கே கொஞ்சம் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

1950களில் ஹிட்ச்காக்கைச் சுற்றி ஒரு குழு அமைந்தது. 1951இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்’ தொடங்கி 1964இல் வந்த ‘மார்னி’ வரை, ‘சைக்கோ’ ஒன்று நீங்கலாக, எல்லாப் படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸ். 1954இன் ‘ரியர் விண்டோ’விலிருந்து ‘மார்னி’ வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் தொகுத்தவர் ஜார்ஜ் டோமாசினி. 1955இலிருந்து இசை பெர்னார்ட் ஹெர்மன். வீட்டில் அல்மா ரெவில். திரைத்துறையில் ஹிட்ச்காக்கைவிட முன்னதாகவே காலூன்றிய அவர் மனைவி, எந்தப் படத்தையும் கடைசியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர். ‘சைக்கோ’வில் குளியலறையில் செத்துக் கிடக்கும் ஜேனட் லீயிடம் லேசான உயிர் அசைவு தெரிகிறது என்று கண்டுபிடித்தவர் அல்மாதான் என்பார்கள். அறையிலிருந்த வேறு யார் கண்ணிலும் அது படவில்லை.

அதே குளியலறைக் காட்சியில்தான் இந்தக் குழு எப்படி வேலை செய்தது என்பதும் தெரிகிறது. அந்தக் காட்சிக்கு இசை வேண்டாம் என்பது ஹிட்ச்காக்கின் உத்தரவு. ஹெர்மன் கேட்கவில்லை. வயலின்கள் கீச்சிடும் அந்த இசையை எழுதி எடுத்துவந்து போட்டுக்காட்டினார். கேட்டுவிட்டு ஹிட்ச்காக் மனத்தை மாற்றிக்கொண்டார். இயக்குநரின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் துணிவு இசையமைப்பாளருக்கு இருந்தது, ஏற்றுக்கொள்ளும் மனம் இயக்குநருக்கு இருந்தது. உலகில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட த்ரில்லர் காட்சி இப்படி ஒரு கீழ்ப்படியாமையில்தான் முழுமை பெற்றது.

1964 நவம்பரில் டோமாசினி இறந்துபோனார். அடுத்த படமான ‘டோர்ன் கர்ட்ட’னுக்கு (1966) பர்க்ஸ் அழைக்கப்படவில்லை, இரண்டு ஆண்டுகளில் வீட்டில் ஏற்பட்ட தீ விபத்தில் அவரும் போய்விட்டார். ஹெர்மன் வந்தார். ஆனால் அதற்குள் ஹிட்ச்காக் யுனிவர்சல் ஸ்டுடியோவின் தாய் நிறுவனமான எம்சிஏவின் பெரும் பங்குதாரர்களில் ஒருவராகிவிட்டிருந்தார். ‘சைக்கோ’வின் உரிமையையும் தன் தொலைக்காட்சித் தொடரின் உரிமையையும் கொடுத்துப் பெற்ற பங்குகள் அவை. ஸ்டுடியோவின் லாபம் அவருடைய லாபம், ஸ்டுடியோவின் பயமும் அவருடைய பயம். காலத்துக்கேற்ற, இளைஞர்களுக்குப் பிடித்த இசை வேண்டும் என்று ஹெர்மனுக்கு முன்கூட்டியே தந்தி போனது. ஹெர்மனோ வயலினே இல்லாமல், கொம்பு வாத்தியங்களும் புல்லாங்குழல்களும் கனத்த செல்லோக்களும் கொண்ட இருண்ட இசையோடு ஒலிப்பதிவுக்கு வந்தார். கேட்ட ஹிட்ச்காக் அங்கேயே அதை நிராகரித்தார். ‘சைக்கோ’வில் கேட்ட அதே மறுப்புக்கு ஆறு ஆண்டுகள் கழித்துக் கதவடைப்புதான் பதில். அதன் பிறகு இருவரும் சேர்ந்து வேலை செய்யவே இல்லை.

‘டோர்ன் கர்ட்டன்’ ஹிட்ச்காக்கின் ஐம்பதாவது படம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. பால் நியூமனும் ஜூலி ஆண்ட்ரூஸும் அன்றைய உச்ச நட்சத்திரங்கள். ஆண்ட்ரூஸின் தேதிகளுக்காகத் திரைக்கதை கனியும் முன்பே படப்பிடிப்பு தொடங்கியது. அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் கிழக்கு ஜெர்மனிக்குக் கட்சி மாறிப் போவதுபோல நடித்து, அங்கிருக்கும் பேராசிரியரிடமிருந்து ஒரு சூத்திரத்தைத் திருடிவருவதுதான் கதை. முதல் பகுதி காதலியின் பார்வையில் நகர்கிறது. தன் வருங்காலக் கணவன் துரோகியா என்று அவள் தவிக்கிறாள். நமக்குத் தவிப்பே வருவதில்லை, பால் நியூமன் துரோகியாக இருக்க மாட்டார் என்பது அரங்கில் டிக்கெட் கிழிப்பவருக்கும் தெரியும். யாருக்கு எது தெரியும் என்ற கணக்கு முதல் அரை மணி நேரத்திலேயே தப்பிவிட்டது. நல்ல கதை விவாதத்தில் முதல் நாளே எழுந்திருக்க வேண்டிய கேள்வி இது.

ஆனால் அதே படத்துக்குள் ஹிட்ச்காக் வாழ்க்கையில் எடுத்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்றும் இருக்கிறது. பண்ணைவீட்டுச் சமையலறையில் குரோமெக் என்ற உளவுக் காவலனை நியூமனும் அந்த வீட்டுப் பெண்ணும் கொல்கிறார்கள். வெளியே டாக்ஸி ஓட்டுநர் நிற்கிறான், ஆகவே துப்பாக்கியைப் பயன்படுத்த முடியாது, சத்தமே எழக் கூடாது. கத்தி உடைகிறது, மண்வாரியால் காலில் அடிக்கிறார்கள், கடைசியில் அவன் தலையை எரிவாயு அடுப்புக்குள் தள்ளி அழுத்திப் பிடிக்கிறார்கள். இசை இல்லை. ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கடினம் என்று காட்ட விரும்பியதாக ஹிட்ச்காக் பின்னால் சொன்னார். இந்தக் காட்சி எதனால் உயிரோடு இருக்கிறது? வெளியே நிற்கும் ஓட்டுநர் நமக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியும், ஓட்டுநருக்கு மட்டும் எதுவும் தெரியாது. கணக்கு சரியாக இருக்கிறது. கைத்திறன் எங்கும் போய்விடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

‘டோபாஸ்’ (1969) இன்னும் துயரமான கதை. அதற்கு முன்னால் ஹிட்ச்காக் வேறொரு படத்தைத் திட்டமிட்டிருந்தார். அன்டோனியோனியின் ‘ப்ளோ-அப்’ பார்த்த வேகத்தில், கையடக்கக் கேமராவும் இயற்கை வெளிச்சமுமாக ஒரு கொலைகாரனைப் பின்தொடரும் படம். சோதனைக் காட்சிகள்கூட எடுத்தார். யுனிவர்சல் மறுத்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கையில் கிடைத்தது லியோன் யூரிஸின் விற்பனைச் சாதனை நாவல். யூரிஸ் எழுதிய திரைக்கதை பிடிக்கவில்லை. ‘வெர்டிகோ’வில் கூட இருந்த சாமுவேல் டெய்லர் அவசரமாக அழைக்கப்பட்டார். சில காட்சிகள் படமாக்கப்படுவதற்குச் சற்று முன்னால்தான் எழுதி முடிக்கப்பட்டன. படப்பிடிப்புக்கு முன்பே தாளில் படம் முடிந்துவிட வேண்டும் என்பதை வாழ்நாள் கொள்கையாக வைத்திருந்தவருக்கு இந்த நிலை.

படத்தில் மூன்று இடங்கள் ஒளிர்கின்றன. கோபன்ஹேகனில் சோவியத் அதிகாரியின் குடும்பம் தப்பிக்கும் தொடக்கம், ஏறக்குறையப் பேச்சே இல்லாமல் நகர்கிறது. ஹார்லெமில் தெரசா ஹோட்டல் காட்சியில் ராஸ்கோ லீ பிரவுன் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கும் கதாநாயகனோடு சேர்ந்து நாமும் கண்ணாடிக்கு அப்பால் நடக்கும் பேரத்தை உதட்டசைவையும் உடலசைவையும் வைத்து ஊகிக்கிறோம். மூன்றாவது, கியூபாவில் ஹுவானிட்டாவின் மரணம். தன்னை விரும்பியவனின் அணைப்பிலேயே சுடப்பட்டு அவள் சரியும்போது, மேலிருந்து பார்க்கும் கேமராவில் அவளுடைய ஊதா உடை தரையில் பூவாக விரிகிறது. உடையின் விளிம்பில் நூல்களைக் கட்டி, சட்டகத்துக்கு வெளியே நின்றவர்கள் இழுத்ததால் வந்த விரிவு அது. இந்த மூன்றையும் பார்த்தவர் யாரும் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மீதி? கோபன்ஹேகன், வாஷிங்டன், நியூயார்க், கியூபா, பாரிஸ் என்று கதை ஊர் ஊராக அலைகிறது. நாம் யாரோடு சேர்ந்து பயப்பட வேண்டும் என்பது ஒவ்வொரு ஊரிலும் மாறுகிறது. பாரிஸில் கதை இறங்கும்போது யாரைப் பற்றியும் நமக்குக் கவலை இல்லாமல் போய்விடுகிறது. முடிவுக்கோ மூன்று வடிவங்கள். காலி மைதானத்தில் நடக்கும் துப்பாக்கிச் சண்டைக்கு முன்னோட்டப் பார்வையாளர்கள் சிரித்தார்கள். விமான நிலையத்தில் துரோகி தப்பிச்செல்வது இன்னொரு வடிவம். மூன்றாவதில் அவன் வீட்டுக்குள் போய்ச் சுட்டுக்கொள்கிறான். அதைப் புதிதாகப் படமாக்கக்கூட இல்லை, ஏற்கெனவே எடுத்திருந்த ஒரு துண்டின்மேல் துப்பாக்கிச் சத்தத்தைச் சேர்த்துச் சமாளித்தார்கள். தன் கதை எங்கே முடிகிறது என்று ஹிட்ச்காக்குக்கே தெரியாமல் போன படம் அது.

இந்த இடத்தில் விமர்சகர்களின் பங்கைச் சொல்லாமல் நகர முடியாது. ‘டோபா’ஸுக்காக அமெரிக்காவின் நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ அந்த ஆண்டின் சிறந்த இயக்குநர் விருதை ஹிட்ச்காக்குக்கு வழங்கியது. நியூயார்க் டைம்ஸின் வின்சென்ட் கேன்பி அந்த ஆண்டின் சிறந்த பத்துப் படங்களில் அதைச் சேர்த்தார். பிரெஞ்சு இளம் விமர்சகர்கள் ஐம்பதுகளில் தொடங்கி, ஆண்ட்ரூ சாரிஸ் 1962இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த, இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற கோட்பாடு அதற்குள் வேரூன்றியிருந்தது. அடுத்த ஆண்டே பாலின் கேல் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கமும் முழுதாக நிற்கவில்லை. ஹிட்ச்காக்கை வெறும் கேளிக்கைக்காரர் என்ற இகழ்ச்சியிலிருந்து மீட்டது அந்தக் கோட்பாடுதான், அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் வெற்றியை ஒருவர் கணக்கிலேயே எழுதப் பழகியவர்களுக்குத் தோல்வி வரும்போது இரண்டே வழிகள்தான் மிஞ்சும். தோல்வியையே மறுப்பது ஒன்று. அந்த மனிதர் முடிந்துபோனார் என்று சாவோலை எழுதுவது மற்றொன்று. டோமாசினி இல்லை, பர்க்ஸ் இல்லை, ஹெர்மன் இல்லை என்று எழுத அந்த மொழியில் இடமே இல்லை.

சாவோலை எழுதியவர்கள் மூன்றே ஆண்டுகளில் தவறிப்போனார்கள். 1972இல் ‘ஃபிரென்ஸி’ வந்தது. லேட்டன்ஸ்டனில் காய்கறி வியாபாரியின் மகனாகப் பிறந்த ஹிட்ச்காக், லண்டனின் காவென்ட் கார்டன் சந்தைக்கே திரும்பிப் போனார். திரைக்கதை ஆன்டனி ஷாஃபர், மேடை நாடகத்தில் பின்னலான குற்றக்கதைகளின் வித்தகர். கழுத்துப் பட்டையால் கொல்பவன் யார் என்று படம் சீக்கிரமே நமக்குக் காட்டிவிடுகிறது. அவன் முதல் கொலைக்கு முன் சொல்லும் வார்த்தைகளும் நம் காதில் நிற்கின்றன. பிறகு பாப்ஸ் என்ற பெண்ணை அவன் தன் மாடியறைக்கு அழைத்துப்போய்க் கதவருகே அதே வார்த்தைகளைச் சொல்கிறான். கதவு மூடுகிறது. கேமரா உள்ளே போகவில்லை. ஓசையற்றுப் படிக்கட்டில் பின்னோக்கி இறங்கி, நடைவழியைக் கடந்து, சந்தை இரைச்சல் நிறைந்த தெருவுக்கு வந்து நின்றுவிடுகிறது. உள்ளே நடப்பது நமக்குத் தெரியும், தெருவில் மூட்டை தூக்கும் ஒருவருக்கும் தெரியாது. 72 வயதில் எடுத்த காட்சி இது. சரியான எழுத்தாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கணக்கு தானே நேரானது.

மற்றவர்களை விரைவாகவே பார்த்துவிடலாம். இத்தாலியின் டாரியோ அர்ஜெண்டோ 1975இல் எடுத்த ‘டீப் ரெட்’ படத்தில், கொலை நடந்த வீட்டின் நடைவழியில் ஓடும் கதாநாயகன் சுவரிலிருந்த ஓவியங்களுக்கு நடுவே எதையோ பார்க்கிறான். அது என்னவென்று நினைவுக்கு வராமல் படம் முழுக்கத் தவிக்கிறான். அவன் பார்த்தது ஓவியமே இல்லை, கண்ணாடியில் தெரிந்த கொலைகாரரின் முகம். அந்த முகம் நம் கண்ணிலும்தான் பட்டது, நாமும்தான் கவனிக்கவில்லை. பார்வையாளரை ஏமாற்றாமலே ஏமாற்றும் இந்த நேர்மைக்குப் பின்னால், ஃபெல்லினியோடு வேலை செய்த பெர்னார்டினோ சப்போனியின் எழுத்தும் ஃப்ராங்கோ ஃப்ராத்திசெல்லியின் படத்தொகுப்பும் இருந்தன. 2009இல் அர்ஜெண்டோ, ‘டீப் ரெட்’ எடுத்த அதே தூரின் நகரில், தான் புகழ்பெற்ற வகையின் பெயரையே தலைப்பாக வைத்து, ‘ஜாலோ’ எடுத்தார். துப்பறிபவராகவும் கொலைகாரனாகவும் ஏட்ரியன் பிரோடியே நடித்தார். அதில் ஊகிக்க எதுவும் இல்லை, பயப்படவும் எதுவும் இல்லை. ‘டீப் ரெ’ட்டை எடுத்தவர் பெயர் இதில் இருப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

பிரையன் டி பால்மாவின் ‘டொமினோ’ (2019) என் வாதத்துக்குச் சற்று இடிக்கும் படம், அதனாலேயே முக்கியம். ஹெர்மனைத் தேடிப்போய் ‘சிஸ்டர்ஸ்’ படத்துக்கு இசையமைக்க வைத்தவர் டி பால்மா. ஹெர்மன் 1975 டிசம்பரில் இறந்த பிறகு, ‘கேரி’ தொடங்கி டி பால்மாவின் பல படங்களுக்கு இசை பீனோ டொனாஜியோ. ‘டொமினோ’விலும் டொனாஜியோ இருந்தார். ஒளிப்பதிவு அல்மோதோவார் படங்களால் அறியப்பட்ட ஹோசே லூயிஸ் அல்கைனே. குழு இருந்தது, பணம் வரவில்லை. டென்மார்க்கிலும் ஸ்பெயினிலும் நடந்த படப்பிடிப்பில் பணத்துக்காகக் காத்துக் கிடந்ததை டி பால்மாவே பேட்டிகளில் சொன்னார். 89 நிமிடத்தில் முடியும் படத்தில் கோபன்ஹேகன் கூரைகளின்மேல் ஒரு துரத்தலும் அல்மேரியாவின் காளைச்சண்டை அரங்கில் ஓர் உச்சக்கட்டமும் மட்டும் பழைய டி பால்மாவை அடையாளம் காட்டுகின்றன. அவற்றை இணைக்க வேண்டிய நடுப்பகுதி வெறும் எலும்பாக இருக்கிறது. ஆள் இருந்தும் நேரமும் பணமும் இல்லாவிட்டால் விவாத அறை வெறும் அறைதான்.

பணம் அளவின்றிக் கிடைத்தாலும் அதே விபத்து நேரலாம். ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’, ‘டயபாலிக்’ எடுத்த பிரான்ஸின் ஹென்றி-ஜார்ஜ் க்ளூசோவுக்கு, 1964இல் சோதனைக் காட்சிகளைப் பார்த்து மயங்கிய கொலம்பியா நிறுவனம் வரம்பற்ற பணத்தைக் கொடுத்தது. ‘இன்ஃபெர்னோ’ என்ற அந்தப் படத்தில் எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்தார். கதாநாயகன் செர்ஜ் ரெஜியானி பாதியில் போய்விட்டார். மூன்றாவது வாரம் க்ளூசோவுக்கு மாரடைப்பு வந்து படம் நின்றது. போதும் என்று சொல்ல அந்த இடத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை.

இந்தியாவில் இதற்கு இணையான கதை ராம் கோபால் வர்மாவுடையது. அவருடைய முதல் படமான ‘சிவா’ தமிழில் ‘உதயம்’ என்று வந்தபோது நம் கல்லூரி மாணவர்கள் அதைக் கொண்டாடியதை ஐம்பதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1998இல் ‘சத்யா’வை எழுதியவர்கள் அனுராக் காஷ்யப்பும் சௌரப் சுக்லாவும். 1999இல் ஒரே வீடு, மழை, மூன்று பேர் என்று சுருங்கிய ‘கௌன்’ காஷ்யப்பின் எழுத்து. 2002இன் ‘கம்பெனி’ ஜெய்தீப் சாஹ்னியின் எழுத்து. பிறகு எழுத்தாளர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வழியில் போனார்கள். வர்மாவோ படங்களின் எண்ணிக்கையைப் பெருக்கினார். 2012இல் ‘டிபார்ட்மென்ட்’ வந்தபோது, சிறிய கேமராக்களைக் கிடைத்த மூலையிலெல்லாம் செருகி எடுத்த கோணங்கள் மட்டுமே பேசப்பட்டன. கதை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் ‘சத்யா’ மறுவெளியீடானபோது அதைத் திரும்பப் பார்த்துத் தான் கண்ணீர் விட்டதாகவும், வெற்றியும் கர்வமும் தன் கண்ணை மறைத்துவிட்டதாகவும் அவரே பகிரங்கமாக எழுதினார். அந்த நேர்மைக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தன்விசாரணையும் தன்னையே சுற்றித்தான் நின்றது. ‘சத்யா’வின் மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு எழுத்தாளர்களைத் தொலைத்ததுதான் பெரிய இழப்பு என்பேன்.

ஏமாற்றமான த்ரில்லர் ஒன்று வரும்போது இயக்குநரைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹெர்மனை வெளியே அனுப்பியவர் ஹிட்ச்காக்தான், அந்தப் பழி அவருடையதே. குழுவைச் சேர்ப்பதும் காப்பதும் இயக்குநரின் வேலையில் பாதி. நான் கேட்பது வேறு. தமிழ்ப் பத்திரிகை விமர்சனங்களில் ஒளிப்பதிவும் இசையும் படத்தொகுப்பும் கடைசிப் பத்தியில் ‘படத்துக்குப் பக்கபலம்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. திரைக்கதையில் பங்கேற்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அந்த வரியிலும் வருவதில்லை. நமக்குப் பிடித்த இயக்குநரின் அடுத்த த்ரில்லர் சறுக்கினால், அவர் முடிந்துபோனார் என்று எழுதும் முன் அவருடைய சிறந்த படத்தின் பெயர்ப் பட்டியலையும் இந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யார் இல்லை என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.